ஐம்பத்துநாலு கிலோவும் ஒரு சடையும்

மலேசியாவில் காலையில் எதிர்ப்படுகிற தமிழர்கள் ‘நல்லாருக்கீங்களா’ என்று கேட்பதில்லை. ‘பசியாறியாச்சா?’ என்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பேச்சு. நல்ல வார்த்தைதான், யார் இல்லை என்றது? ஆனால் பட்டினி கிடக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருந்த எனக்கு, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் ஆளாளுக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது.

என் மகள் தாரணி சாம்போ ஆடுகிறாள். ரஷ்யாவில் பிறந்த மல்யுத்தம் அது. தடித்த துணியில் ஒரு ஜாக்கெட், இடுப்பில் கச்சை, அரைக்கால் சட்டை, காலில் ஷூ. ஜாக்கெட்டைப் பிடித்து எதிராளியைத் தூக்கிப் போட வேண்டும், கையையோ காலையோ மடக்கித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். கோலாலம்பூர் பக்கம் நடந்த சர்வதேசப் போட்டிக்கு ஐம்பத்துநாலு கிலோ பிரிவில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அணியோடு துணைக்கு வர வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. என் செலவில் நான் வருகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

எங்களுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிறோம். விதை போடும்போதே விவசாயிக்கு முன்பணம் கொடுத்துவிடுவோம். வாங்கினவர் அந்த வெள்ளாமையை எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவார். மழை பொய்த்து வெள்ளாமை போய்விட்டால், அடுத்த போகம் வரைக்கும் காத்திருப்போம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் மண்டியில் கேவலம். என் வீட்டுக்காரர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மனுஷர் சொந்த மகளிடம் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த ஒரு தடவதான். மெடலோட வந்தா ஆடட்டும். இல்லேன்னா பையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு மண்டிக்கு வரட்டும், மாப்பிள்ள பாக்கலாம்.” தாரணி எழுந்து போய்ப் பையைக் கட்டத் தொடங்கினாள்.

அவர் அப்படிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் வடக்கே ஒரு போட்டிக்குப் போய், எடை கூடிவிட்டதென்று, மேட் என்கிற ஆட்ட விரிப்பையே மிதிக்காமல் திரும்பி வந்தாள். அன்றைக்கு ஆத்திரத்தில் நேரே பழனிக்குப் போய் நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். இவள் வெளிநாட்டில் மெடல் வாங்கினால் இவள் முடியை முழுசாக இறக்குகிறேன் முருகா என்று. பெண்பிள்ளைகளுக்குப் பூமுடி போதும், மூன்று கத்தரி வெட்டோடு முடிந்துவிடும். நான்தான் வீறாப்பாக மொட்டை என்றுவிட்டேன். வேண்டுதல் முடியில் காணிக்கை செலுத்தும்வரை கத்தரி படக்கூடாது. அவளுக்குச் சாம்போ சொல்லித்தருகிற மாஸ்டர் எத்தனையோ தடவை கிராப் வெட்டச் சொன்னார். நான் விடவில்லை. இடுப்பைத் தாண்டி, என் மணிக்கட்டுத் தடிமனில் சடை. அதை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டுதான் அவள் சண்டை போட்டாள்.

எங்கள் அறை பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நேர் மேலே. இதைவிடக் கொடுமையான இடத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. விடிந்தும் விடியாமல் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம். பரோட்டாவுக்குத் தம்பி முறை, ஆனால் இன்னும் மெல்லிசு. அது கல்லில் விழுந்ததும் நெய் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்துவிடும். பகலில் வாழையிலைச் சாப்பாடு. பாகற்காயை மொறுமொறுவென்று பொரித்து வைக்கிறார்கள், அப்பளம் மாதிரி. தெருக் கடையில் முருங்கைக்காய் தொங்கியது. எங்கள் மண்டிக் காயைவிட ஒல்லி. கை தானாகப் போய் ஒன்றை முறுக்கிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முறைத்ததும் வைத்துவிட்டேன்.

எடை ஏறக்கூடாதென்று தாரணிக்கு ஒரு நாளைக்கு ஒரு வேகவைத்த முட்டை, கொஞ்சம் வெள்ளரிக்காய். தண்ணீரைப் பாட்டில் மூடியில் அளந்து கொடுத்தார் மாஸ்டர். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துப்பினதையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் எதிரில் எப்படிச் சாப்பிடுவது? தோசையைப் பொட்டலம் கட்டி வாங்கி (அங்கே அதற்கு ‘தப்பாவ்’) விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து, திருடி மாதிரி விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

“அம்மா, உன் மூச்சுல சாம்பார் வாசம் வருது. அந்தப் பக்கம் திரும்பிப் படு,” என்றாள் இருட்டில்.

மறுநாள் மாலைதான் எடை பார்ப்பது. அன்று காலை கீழே தேநீர் வாங்கப் போனபோது கடைக்கார அம்மா தாரணியைப் பார்த்துவிட்டார். “என்னா ஆன்டி, தங்கச்சி முகம் இப்படி வாடிக் கெடக்கு? பசியாறலயா? ஒரு ரொட்டி தட்டச் சொல்லவா? சூடா ஒரு மைலோ?” தாரணி சிரிக்க முயன்றாள், உதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. “போட்டி முடியட்டும்மா, நாங்களே வந்து சாப்பிடறோம்,” என்று அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாஸ்டர் ஊரிலிருந்து தூக்கி வந்த எடை மெஷினில் சரியாக ஐம்பத்துநாலு காட்டியது. மனசு கொஞ்சம் லேசானது.

அரங்கம் கிள்ளான் பக்கம். எங்கள் வேனை ஓட்டியவர் லோகன், அங்கே பக்கத்திலிருக்கும் பண்டமாரான் ஊர்க்காரர். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், போட்டிக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மேலும் கொஞ்சம் வியர்க்கட்டும் என்று மாஸ்டர் ஏர்கான் வேண்டாமென்றுவிட்டார். தாரணி ரெயின்கோட்டுக்குள் முடங்கியிருந்தாள். அணியின் மற்றப் பெண்கள் இட்லிப் பானையில் உட்கார்ந்த மாதிரி வெந்துகொண்டு மாஸ்டரை முணுமுணுத்துத் திட்டினார்கள்.

பாதி வழியில் மழை. மழையென்றால் நம் ஊர் மழை இல்லை, மேலேயிருந்து யாரோ அண்டாவைக் கவிழ்த்தது போல. வண்டிகள் அப்படியே நின்றன.

“கவலப்படாதீங்க அக்கா, இது நார்மல் ஜாம்தான் லா,” என்றார் லோகன். அங்கே பாதிப் பேச்சு அந்த ‘லா’வில்தான் முடியும். சற்று நேரம் கழித்துப் போனில் யாரிடமோ மலாயில் பேசினார். முகம் மாறியது. “முன்னுக்கு ஒரு லோரி சாஞ்சிருச்சாம். இது நார்மல் இல்ல.”

நகத்தைக் கடித்தேன். ‘வேல் முருகா’ என்று ஆரம்பித்து, ‘பாழாய்ப்போன லோரி’ என்று முடித்தேன். நம் ஊராக இருந்தால் ஹாரன் அடித்தே பக்கத்து வண்டிக்காரன் காதைக் கிழித்திருப்பார்கள். இங்கே ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது. லோகன் பிரதான சாலையை விட்டு இறங்கி, சந்துகளில் புகுந்து, பாசார் என்கிற சந்தையின் கூடாரம் ஒன்றை உரசிக்கொண்டு எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தார். எடை அறை மூடுவதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

அரங்கத்தில், அசல் தராசில் ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வெளியே ஒரு தராசு வைத்திருந்தார்கள். தாரணி ஏறினாள். நூற்றைம்பது கிராம் கூடுதல்.

மாஸ்டர் தன் மெஷினைச் சபித்தார். எனக்கு ஆச்சரியமில்லை, ஒரு தராசு மாதிரி இன்னொரு தராசு இருக்காது என்பது மண்டியில் குழந்தைக்கும் தெரியும். நூற்றைம்பது கிராம் என்பது எங்களுக்கு ஒரு கைப்பிடிப் பச்சை மிளகாய். கொசுறாக அள்ளிப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். இங்கே கொசுறு கிடையாது.

தாழ்வாரத்தில் ஓட விட்டார்கள். கயிறு தாண்டினாள். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை வரவில்லை. துப்பச் சொன்னால் எச்சில் இல்லை. மறுபடி ஏறினாள், எண் அசையவே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவள் கொண்டையைப் பார்த்தார்.

“அக்கா, முடிய எடுத்துருவோம்.”

“அது முருகன் முடி மாஸ்டர். மெடல் வாங்கறதுக்கு முன்னாடி கத்தரி பட்டா தெய்வக் குத்தம்.”

“தராசுல ஏறலேன்னா மெடல் எங்கிருந்துக்கா வரும்?”

“வேற ஏதாவது பண்ணுங்க. இதத் தொடக்கூடாது.” என் குரல் உயர்ந்துவிட்டது. அந்தத் தாழ்வாரத்தில் இருந்த எல்லா நாட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாரணி வாயைத் திறந்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த குரல். “என் தலையில இருக்கறது எப்பம்மா முருகனோடதாச்சு? வேண்டிக்கறப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“உனக்காகத்தானடி வேண்டிக்கிட்டேன்!”

“எனக்காகன்னா உன் முடிய வேண்டியிருக்கணும்.”

சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம், எனக்குத்தான் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. போட்டிகளில் அந்தச் சடையைப் பிடித்து எத்தனை பேர் தெரியாத மாதிரி இழுத்திருப்பார்கள், இவள் என்னிடம் சொன்னதே இல்லை.

வாசலில் நின்றிருந்த லோகன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. பத்துமலையில இருக்கறதும் அதே முருகந்தான் லா. பழனிக்கு ஒருத்தரு, இங்க ஒருத்தருன்னு ரெண்டு பேரு இல்ல. வெட்டிப் பத்திரமா வைங்க. போட்டி முடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுங்க. சாமி கேட்டா லோரி சாஞ்சிருச்சுன்னு சொல்லுவோம்.”

தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு அவளோடு பெண்கள் கழிவறைக்குள் போனேன்.

என் கையாலேயே வெட்டினேன். வேறு யாரையும் விட மனம் வரவில்லை. பஞ்சு வெட்டுகிற கத்தரி அது, சடைக்குள் போகவே மறுத்தது. அறுத்து அறுத்துத்தான் எடுத்தேன். குழந்தையில் அவளுக்கு முதல் மொட்டை போட்டபோதுகூட நான் அழவில்லை, இப்போது மூக்கு ஒழுக அழுதேன். அவள் அழவில்லை. அழக்கூட அவளிடம் தண்ணீர் இல்லை. சடையைத் தரையில் படாமல் என் மஞ்சப்பைக்குள் இறக்கினேன்.

வெளியே போய் ஏறினாள். இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒரு மிளகாய் அளவு!

கஜகஸ்தான் அணியின் பயிற்சியாளர் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். கருங்கல் மாதிரி முகம். ஏதோ சொன்னார். அவருடைய மாணவி அதை ஆங்கிலமாக்க, மாஸ்டர் எனக்குத் தமிழாக்கினார்: “அந்தக் கத்தரியை வைத்துப் புல்லைக்கூட வெட்ட முடியாது. என்னிடம் மெஷின் இருக்கிறது, குழந்தையை இங்கே கொண்டு வா.” அவரே தாரணியின் தலையைத் தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது போல நிமிடத்தில் வழித்துவிட்டார். விழுந்த முடியை நான் துண்டில் ஏந்தினேன். எடை அறைக் கதவை மூட வந்த அதிகாரியை மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

அசல் தராசில் ஐம்பத்துநாலு. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாரணி இறங்கி வந்து, மாஸ்டர் நீட்டிய தண்ணீரை முழுப் பாட்டிலாகக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் போட்டி. மேட்டில் அவளை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. சிவப்பு ஜாக்கெட், மொட்டைத் தலை. முதல் ஆட்டம் வியட்நாம் பெண்ணோடு. புரட்டிப் போட்டு, மேலே படுத்து அழுத்திப் பிடித்து வென்றாள். நான் ‘விடாதடி, விடாதடி’ என்று கத்தியதில் முன் வரிசை மலாய்க்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அடுத்தது அரையிறுதி. எதிரே வந்தது யார் என்கிறீர்கள்? நேற்று மெஷின் கொடுத்த கஜகஸ்தான் அம்மாவின் மாணவி. தாரணியை இடுப்போடு தூக்கி ஒரே வீச்சில் போட்டுவிட்டாள், கண் சிமிட்டும் நேரம்தான். அந்த அம்மா மேட்டோரத்தில் தாரணியின் தலையைத் தடவி ஏதோ சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.

வெண்கலத்துக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருந்தது, மங்கோலியப் பெண்ணோடு. இதில் வென்றால் எல்லாம் சரி. என் மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிட ஆட்டம். தாரணி முன்னால் போனாள், எதிராளி சமன் செய்தாள், மறுபடி தாரணி. மூச்சு வாங்குவது மேலே பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. லோகன் என் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். “டைம் ஓட்டு தங்கச்சி, டைம் ஓட்டு!” கடைசி நொடிகளில் அந்த மங்கோலியப் பெண் காலை உள்ளே விட்டுச் சறுக்கினாள். தாரணி சாய்ந்தாள். மணி அடித்தது. ஒரு புள்ளியில் போய்விட்டது.

மேட்டைவிட்டு இறங்கி என்னிடம் வந்தாள். நான் கட்டிப்பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டாள். “அப்பாகிட்ட நீயே சொல்லிரு. வந்ததும் பைய மேல போட்டுர்றேன்,” என்றாள். அவ்வளவுதான். ஜாக்கெட்டை மடித்தாள். சுருக்கமில்லாமல், திரும்பத் திரும்ப நீவி நீவி மடித்தாள்.

ஊர் திரும்புவதற்கு முன் ஒரு காலை மிச்சமிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலிலேயே பத்துமலை போய்விடலாம், கோயிலுக்கு எதிரிலேயே இறக்கிவிடுகிறது. பழனியில் மலையடிவாரம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை குதிரைவண்டிக்காரரிடம் தப்பிக்க வேண்டும்! தாரணி வேண்டாவெறுப்பாக வந்தாள். படியில் குரங்குகள் ஒரு வெள்ளைக்காரர் கையிலிருந்த சிப்ஸைப் பிடுங்கியதற்குக்கூட அவள் சிரிக்கவில்லை.

முடி இறக்கும் இடத்தில் மஞ்சப்பையை நீட்டினேன். அவள் வாங்கி, சடையை வெளியே எடுத்து, ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள். பிறகு அவளே காணிக்கை முடி போடுகிற தொட்டிக்குள் போட்டாள்.

நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

“பூமுடியாக்கா?” என்றார் முடி இறக்குபவர். திருவாரூர்க்காரர், வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர்.

“மொட்ட.”

“எந்தூரு?”

“ஒட்டன்சத்திரம்.”

“அட! பழனிய வீட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டா இங்க வந்து மொட்ட போடறீங்க?”

தாரணி ஓடி வந்தாள். “என்னம்மா பண்ற நீ? மெடல்தான் வரலயே. எதுக்கு இப்ப?”

“நீ தள்ளி நில்லு. இது என் முடி, யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.” கத்தி பின்னந்தலையில் இறங்கியது. ஜில்லென்று இருந்தது. எண்ணெய் வைத்து வைத்து நான் வளர்த்தது, முன்பக்கம் நரைத்துப்போனது, எல்லாம் மடியில் வந்து விழுந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பி, எங்கள் அறைக்குக் கீழே இருக்கும் அந்தக் கடையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா எங்கள் இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ரொட்டி சானாயைக் கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். தோற்ற செய்தி அவருக்கு முந்தின நாளே போய்விட்டது.

“ஏண்டி, என்ன கோலம் இது? மெடல் வந்தாத்தான மொட்ட? அதுவும் நீ எதுக்கு?”

“இந்த வெள்ளாமை பொய்ச்சுப்போச்சுங்க,” என்றேன். “அதான் முருகனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். அடுத்த போகத்துக்கு.”

பின்னால் மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. தாரணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்தத திருப்பியா கேக்க முடியும்?” என்றார் கடைசியில். “புள்ளகிட்ட குடு போன. அடுத்த போட்டி எப்ப, எந்த ஊர்லன்னு கேக்கணும்.”

நீட்டினேன். வாய் நிறைய ரொட்டி இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே மென்றாள்.